றொஷினியின் சத்தியக்கடதாசி

கனடாவில், மொன்ட்ரியால்-நோரிலிருந்து புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போவதென்றால் ஒரு பஸ், ஒரு மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். பதினைந்து வருடமாக வின்சன்ட் இப்படித்தான் போய் வருகிறார். இந்தப் பதினைந்து வருடத்தில் அவர் இருந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த ஒருவர்கூட அதைத் தவறவிட்டதில்லை. கடைசி ஆசனத்தில் பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருப்பார். யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் போதும், மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்து, "முசியூ, நில்லுங்கோ, ஆள் வருது!" என்று தெரிந்த பிரெஞ்சிலும் தெரியாத பிரெஞ்சிலும் சத்தம் போடுவார். ஓட்டுநர்களுக்கு அவர் பழகிப்போனார். அவரால் பனியில் விறைக்காமல் தப்பிய கிழவிகள் "மெர்சி, மெர்சி" என்று சொல்லியே அவரைப் பெரிய புண்ணியவானாக்கி வைத்திருந்தார்கள்.

புண்ணியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஓடி வருகிற ஒருவரை விட்டுவிட்டு வண்டி நகர்வதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஏன் என்று மனைவி ஜெனாட்கூடக் கேட்டதில்லை. சொந்தக் காரில் உள்கண்ணாடியை அவர் நிலத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பதை மட்டும் அவள் விடாமல் பகிடி பண்ணுவாள். "பின்னுக்குப் பாக்காமல் கார் ஓடுறதுக்கு இந்தக் கியூபெக்கிலை ஒரு பரிசு இருந்தால் அது என்ரை மனிசனுக்குத்தான்" என்பாள். வின்சன்ட் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

2007ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பூசை ஹென்றிக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பூசை கொடுப்பது இரண்டு வகை. இறந்தவர்களுக்கு ஆன்ம இளைப்பாற்றி. இருப்பவர்களுக்குச் சுகம் வேண்டி. ஹென்றி இருக்கிறானா இல்லையா என்று பத்தொன்பது வருடமாக ஊருக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய மனைவி மாக்கிரட்டுக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஒவ்வொரு வருடமும் கலியாண நாளை ஒட்டிச் சுகம் வேண்டித்தான் கொடுப்பாள். ஒரு நொவெம்பரில், இறந்தோர் பட்டியல் எழுதும்போது, பங்குச் சாமியார் தயங்கித் தயங்கி, ஹென்றியின் பெயரையும் போடுவோமா என்று கேட்டுவிட்டுப் பட்ட பாடு பங்குக்கே தெரியும். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையையே எடுப்பதில்லை.

பூசைக்கு மாக்கிரட்டைக் காரில் ஏற்றிப்போவது வின்சன்டின் வேலை. பக்கத்தில் முழந்தாளிட்டு, சாமியார் ஹென்றியின் பெயரைச் சொல்லும்போது ஆமென் சொல்லி, திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாக்கிரட்டுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். எண்பத்தெட்டில் மன்னாரிலிருந்து ஹென்றியோடு புறப்பட்டுக் கென்யாவரை ஒன்றாகப் போனவர். ஹென்றியை நைரோபி விமான நிலையத்தில் பொலிஸ் பிடித்துவிட்டது என்று அவளுக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான். வின்சன்டுக்கு அழகான கையெழுத்து.

அன்று மாக்கிரட் வீட்டில் தேத்தண்ணியோடு மகள் றொஷினி காத்திருந்தாள். தகப்பன் போகும்போது ஒரு வயது, இப்போது இருபது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். பறவை என்றால் பைத்தியம். சனிக்கிழமை விடிந்தால் பைனாகுலரும் கையுமாக இல்-பிசார் சதுப்புக்குப் பஸ் பிடித்துவிடுவாள். அவள் வயதுப் பிள்ளைகள் தூங்கி எழும்பும்போது அவள் நாற்பது குருவியை எழுதி முடித்திருப்பாள்.

"வின்சன்ட் மாமா, நான் கென்யா போறன்," என்றாள். "யூனிவர்சிற்றி குறூப்போடை. ஒரு சரணாலயத்திலை பதினொரு நாள். அடுத்த மாசம்."

வின்சன்ட் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே மேசையில் வைத்தார். "அங்கை மலேரியா எல்லே பிள்ளை" என்றார்.

"அதுக்குக் குளிசை எடுத்தாச்சு."

"சிங்கம், புலி..."

"அங்கை புலி இல்லை மாமா!" றொஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்கள் மூண்டு கிழமை அந்த நாட்டிலை நிண்டனீங்கள். ஒரு மிருகமும் பாக்கேல்லையோ? ஒரு குருவிகூட?"

"நாங்கள் என்ன சுற்றுலாவோ போனனாங்கள்? ஹோட்டல் அறைக்குள்ளை அடைபட்டுக் கிடந்தனாங்கள்."

அவள் பயணத்தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். பரந்த புல்வெளி, குடை பிடித்ததுபோல் முள்மரங்கள், நடுவில் ஓர் ஏரி. ஏரிக்கரை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள். கீழே சரணாலயத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வின்சன்ட் அதை வாசித்தார். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். எத்தனை தரம் வாசித்தாலும் அது அதே பெயர்தான்.

"பூநாரை," என்றாள் மாக்கிரட், எட்டிப் பார்த்து. "எங்கடை மன்னார்க் களப்பிலையும் வாறது. இவளின்ரை அப்பாவும் அதுகளைக் கண்டால் சாப்பாட்டையும் மறந்திடுவார்."

வின்சன்ட் தாளைத் தள்ளி வைத்தார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பறவை பார்த்து முடிந்ததும் மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள். றொஷினி மட்டும் இன்னும் இரண்டு கிழமை நைரோபியில் நின்று, தகப்பனுடைய படத்தோடு சிறைச்சாலை சிறைச்சாலையாக ஏறி இறங்கப் போகிறாள். அதற்கு அவளிடம் இருக்கும் ஒரே ஆதாரம் வின்சன்டின் பழைய கடிதம். அதைப் பார்த்து இங்கிலிசில் ஒரு சத்தியக்கடதாசி அடித்து வைத்திருந்தாள். விமான நிலையத்தில் ஹென்றியைப் பொலிசார் கைதுசெய்ததை என் கண்ணால் கண்டேன் என்று அதில் இருந்தது. கீழே வின்சன்டின் முழுப்பெயர். பெயருக்கு மேல் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அண்ணைதான் கண்ட சாட்சி," என்றாள் மாக்கிரட். "மற்ற அஞ்சு பேரும் லண்டன், டொரொன்டோ எண்டு சிதறிப்போச்சினம். போன் எடுத்தாலும் பிடி குடுக்கினம் இல்லை. நீங்கள் ஒருத்தர்தான் எங்களைக் கைவிடாமல் நிக்கிறியள்."

"இங்கிலிசை ஒருக்கா வடிவாப் பாத்துப்போட்டுத் தாறன்," என்று சொல்லிக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வின்சன்ட் எழுந்தார். அது நெஞ்சில் அடுப்புத் தணலாகக் கிடந்தது.

வீட்டில் ஜெனாட் கடதாசியை வாசித்துவிட்டு, "கண்டதைத்தானே எழுதியிருக்கு, கையெழுத்தை வைச்சுக் குடுத்திட்டு வாங்கோவன். இதுக்கு என்ன யோசினை?" என்றாள். அவளுக்குத் தெரியாது. அகதி விசாரணையில் நீதவான் முன்னால் வின்சன்ட் சொன்னதும் இதே பொலிஸ் கதைதான். இப்போது மாற்றிச் சொன்னால் குடியுரிமையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு ஒரு பக்கம். கையெழுத்து வைத்தால் அந்தப் பிள்ளை இல்லாத தகப்பனைத் தேடி இல்லாத சிறைக்கு அலையும். அதற்கு முன்னால் பதினொரு நாள், ஒன்றும் தெரியாமல், அதே ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு நடக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. வின்சன்டுக்கோ நாலு பக்கமும் அடி.

திங்கட்கிழமை வேலை முடிந்து புவாண்ட்-கிளேரில் பஸ் ஏறினார். நல்ல வெயில். கடைசி ஆசனத்தில் இருந்து பின்கண்ணாடியைப் பார்த்தார். பஸ் நகரத் தொடங்கியதும் கடைத்தொகுதிப் பக்கத்திலிருந்து ஒருவன் ஓடி வந்தான். காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தான். ஒரு கையில் சப்பாத்துகள். மற்றக் கையை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தான்.

வின்சன்ட் கயிற்றை இழுத்தார். "நில்லுங்கோ! ஆள் வருது! நில்லுங்கோ!" தமிழில் கத்துகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். காத்திருந்தார். ஒருவரும் ஏறவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே, முசியூ" என்றார். வின்சன்ட் இறங்கிப் போய்ப் பார்த்தார். தார் வீதி நீட்டுக்கு வெறுமையாகக் கிடந்தது. பஸ்ஸுக்குள் எல்லோரும் திரும்பித் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. புண்ணியவானுக்கு இன்று மண்டை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.  அவர் வீதியோரக் கல்லில் இருந்துவிட்டார்.

அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததிலும் அவர் ஏறவில்லை. இத்தனை வருடமாக ஓடி வந்த எல்லோரையும் ஏற்றியாயிற்று, அவன் ஒருவனைத் தவிர என்று நினைத்தபோது அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயது மனிதன், வெயிலில், கடைத்தொகுதி வாசலில் இருந்து சத்தம் போட்டு அழுதார்.

அன்று பின்னேரமே மாக்கிரட் வீட்டு மணியை அடித்தார். தாயும் மகளும் மேசையில் உடுப்புகளை மடித்துப் பயணப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். றொஷினி ஆவலோடு கையை நீட்டினாள். வின்சன்ட் கடதாசியை மேசையில் வைத்தார். கோடு வெறுமையாகவே இருந்தது.

"இதிலை நான் கையெழுத்து வைக்கேலாது பிள்ளை. இது பொய். அந்தக் கடிதமும் பொய். ஹென்றியைப் பொலிஸ் பிடிக்கேல்லை."

மாக்கிரட் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். வின்சன்ட் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னார். இருந்தால் திரும்ப எழும்பி ஓடிவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

அவர்கள் ஏழு பேர். எல்லோரும் சுற்றுலாப் பயணிகள் என்ற விசாவில் வந்தவர்கள். நைரோபியில் மூன்று கிழமை அறையை விட்டு வெளியே வராத சுற்றுலாப் பயணிகளை ஹோட்டல்காரனே ஒருமாதிரிப் பார்க்கத் தொடங்கினான். வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பயந்துபோய், மெய்யான சுற்றுலாக்காரர்போல் ஒருநாள் மிருகம் பார்க்கப் போய் வருவோம் என்றான். வெள்ளை வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டினான். எல்லோருக்கும் தொப்பி, ஆளுக்கொரு கமரா. கமராவுக்குள் பிலிம் இல்லை. யானையைக் கண்டு ஏழு பேரும் வெறும் கமராவை அமத்தினார்கள். சிங்கம் ஒன்று பார்த்துக் கொட்டாவி விட்டது. ஊரைவிட்டு வந்தபின் முதல்தரமாக அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்த நாள் அது.

"மத்தியானம் ஏரிக்கரையிலை நிப்பாட்டினது. ஹென்றி பூநாரையைக் கண்டிட்டு, கிட்டப் போய்ப் பாக்கிறன் எண்டு சப்பாத்தைக் கழட்டிக் கையிலை எடுத்துக்கொண்டு போனவன். அந்த நேரம் பாத்துத் தூரத்திலை காவல் ஜீப் ஒண்டு வந்தது. எங்கடை பாஸ்போட் எல்லாம் தலை மாத்தினது, வேறை ஆக்களின்ரை பாஸ்போட்டிலை எங்கடை படம். ஏஜென்சிக்காரன் ஏறு, ஏறு எண்டான். ஏறினம். பேந்து வந்து ஹென்றியை ஏத்துவம் எண்டு வானை எடுத்திட்டான்."

திரும்பி வந்தபோது ஐந்து மணி. கரையில் பறவைகள் மட்டும் நின்றன. கூப்பிட்டார்கள். பெரிதாகக் கூப்பிடவும் பயம். ஆறரைக்குச் சரணாலய வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

"வாசல்லை கிழவன் ஒருத்தன், காவல்காரன். கொப்பியைப் பாத்திட்டு, காலமை ஏழு பயணியள் போனதெண்டு எழுதியிருக்கு, ஆறு பேர்தான் இருக்கிறியள் எண்டான். எல்லாரும் என்னைப் பாத்தாங்கள். எனக்குத்தானே இங்கிலிசு தெரியும். நான் சொன்னன், நாங்கள் வந்ததே ஆறு பேர்தான், காலமை எழுதின ஆள் பிழையா எழுதிப்போட்டார் எண்டு." வின்சன்ட் மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தார். "கிழவன் ஏழு எண்டதை வெட்டிப்போட்டு ஆறு எண்டு எழுதினான். பிழைக்கு மன்னிக்கச் சொல்லி என்னட்டை மன்னிப்புக் கேட்டான். ஏழு எண்டு நான் சொல்லியிருந்தால் அவங்கள் வெளிச்சம் அடிச்சுத் தேடியிருப்பாங்கள். எங்களைப் பிடிச்சுக் கொழும்புக்கு அனுப்பியிருப்பாங்கள். அவன் இருந்திருப்பான். மற்ற நாள் ஏஜென்சிக்காரன் தான் போய்த் தேடிவாறன் எண்டான். அவன் போகேல்லை எண்டு எனக்குத் தெரியும். நானும் கேக்கேல்லை. இரண்டாம் நாள் பிளேன்."

 றொஷினி தன் பயணத்தாளில் இருந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மாக்கிரட் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வான் போறதை அவர் கண்டவரோ?"

இத்தனை சொன்னவர் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான். இல்லை என்று சொல்லலாம். அவன் தூரத்தில் நின்றான், திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? இரக்கமான பொய். நாக்கு நுனிவரை வந்தது.

"கண்டவன்," என்றார் வின்சன்ட். "நான் பின் சீற்றிலை இருந்தனான். கண்ணாடியாலை எனக்குத் தெரிஞ்சது. காற்சட்டையை மடிச்சபடி, சப்பாத்தோடை ஓடி வந்தவன். நாங்கள் பகிடி விடுறம் எண்டு நினைச்சவன். சிரிச்சுக்கொண்டு ஓடி வந்தவன் மாக்கிரட். நான் நிப்பாட்டச் சொல்லேல்லை."

மாக்கிரட் கதிரையைப் பிடித்தாள். அழுவாள் என்று நினைத்தார், அவள் அழவில்லை. முகம் கறுத்துக் கடுத்தது.

"சாமியார் அவரின்ரை சுகத்துக்கு வேண்டேக்கை எனக்குப் பக்கத்திலை முழந்தாளிலை நிண்டனீங்கள். வருசா வருசம். ஆமென் சொன்னனீங்கள். என்னெண்டு சொன்னனீங்கள்? அந்த வாய் எப்பிடித் திறந்தது?"

மாக்கிரட் மேசையைச் சுற்றி அவருக்கு முன்னால் வந்தாள்.

"நான் இளம் பெட்டையா இருந்தனான். கேட்டு வந்தவையை எல்லாம் துரத்தினனான். இவளுக்கு அப்பா வருவார், அப்பா வருவார் எண்டு சோறு தீத்தினனான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுது முடிச்சிருப்பன்." கையிலிருந்த சட்டையை அவர்மேல் எறிந்தாள். அது அவருடைய தோளில் பட்டு நிலத்தில் விழுந்தது. "அண்ணை எண்டு கூப்பிட்டனே உங்களை. சீ."

வின்சன்ட் குனிந்து சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். போவதற்குத் திரும்பினார். கதவடியில் றொஷினி மறித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. கையில் அந்தக் கடதாசி. மற்றப் பக்கத்தைத் திருப்பி, பேனையோடு நீட்டினாள்.

"எழுதுங்கோ," என்றாள். "இப்ப சொன்னதை எல்லாம். ஏழு பேரின்ரை பேரும்."

"எழுதினால் என்னை இஞ்சை என்ன செய்வாங்களோ தெரியாது பிள்ளை."

"எனக்கும் தெரியாது மாமா. எழுதுங்கோ."

அவர் எழுதினார். அந்த அழகான கையெழுத்து கோழி கிளறியதுபோல் வந்தது. ஹென்றியின் பெயரை முதலில் எழுதினார். வாசலில் சொன்ன ஆறு பேர் என்ற பொய்யையும் எழுதினார். முடித்துக் கையெழுத்து வைத்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓடினார்கள். றொஷினி வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"இதைக் கொண்டுபோய் அங்கை ஆரிட்டைக் குடுத்தாலும், எந்தக் கரை, எந்தப் பக்கம் எண்டுதான் கேப்பினம். எனக்கு என்ன தெரியும்? அந்த ஏரி சுத்தி வர எத்தினையோ மைல்." அவள் கடதாசியை மடித்தாள். "நீங்கள்தான் வந்து காட்ட வேணும்."

வின்சன்ட் மாக்கிரட்டைப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டியபடி, அவர் மேசையில் வைத்த சட்டையை உதறித் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"வாறன்," என்றார்.

மாக்கிரட் சட்டையை மகளின் பைக்குள் வைத்தாள். திரும்பவில்லை.

"இந்த முறை," என்றாள், "அவரை விட்டிட்டு வராதேங்கோ."